கெடு முடிந்த ஃபைல்

“அந்த ஃபைல் இல்லைம்மா. அழிச்சாச்சு” என்றார் ரெக்கார்டு ரூம்காரர்.

சூப்பிரண்டு அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த மனுஷரிடம் எந்தக் காகிதத்தைக் கேட்டாலும், குடிக்கிற டீ ஆறுவதற்குள் தூசி தட்டி மேசைக்கு வந்துவிடும். கட்டடத்தின் பழைய வரைபடமாகட்டும், எப்போதோ போய்ச் சேர்ந்த காவலாளியின் நியமன உத்தரவாகட்டும், எதுவும் அவர் கையிலிருந்து தப்பியதில்லை. அப்பேர்ப்பட்டவர் வாயிலிருந்து ‘இல்லை’ என்று வருவதா?

“எப்ப அழிச்சீங்க?”

“கெடு முடிஞ்ச அன்னிக்கு. தண்டனை முடிஞ்சு பத்து வருஷம்தான் வைக்கணும். போன மாசத்தோட முடிஞ்சுது, கிழிச்சுட்டேன்.”

விஷயம் இதுதான். ஆபீஸில் தலைமை டிரைவர் பதவி காலியாகியிருந்தது. வரிசைப்படி அது ஜீப் டிரைவருக்குத்தான் போக வேண்டும். வருஷக் கடைசியில் ரிட்டயர் ஆகப்போகிறவர். மகள் வீட்டில் மருமகனின் முகம் பார்த்து ஒண்டிக்கொண்டிருக்கிறார். இந்தப் பதவி கிடைத்தால் பென்ஷன் கொஞ்சம் கூடும். மனைவியை அழைத்துக்கொண்டு தனி வீடு பார்த்துப் போய்விடலாம்.

ஆனால் ஆபீசருக்கோ தன் காரை ஓட்டுகிறவரை அந்த இடத்தில் உட்கார வைக்க ஆசை. ஜீப் டிரைவரின் சர்வீஸ் புத்தகத்தில் ‘ஒழுங்கு நடவடிக்கை, சம்பள உயர்வு நிறுத்தம்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. என்ன செய்தார், யாரிடம் செய்தார் என்கிற விவரமெல்லாம் ஃபைலில். அதை வெளியே எடுத்தால் ஆளைத் தட்டிவிடலாம் என்று ஆபீசர் கணக்குப் போட்டிருந்தார்.

ஃபைல் இல்லை என்று தெரிந்ததும் அவரே ரெக்கார்டு ரூமுக்கு இறங்கி வந்தார். வந்தவர் மேசையைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் நின்றார். ஆபீசருக்கே அங்கே அதுதான் சட்டம். ரெக்கார்டு ரூம்காரரிடம் பேசுகிறவர்கள் அவருக்கு வலது பக்கம்தான் நிற்க வேண்டும். மற்றப் பக்கம் நின்று கூப்பிட்டால் பெரும்பாலும் தலையே நிமிராது. இந்தத் தோரணைக்காகவே அவருக்கு ‘மகாராஜா’ என்று பட்டப்பெயர். அந்த ரூமுக்குப் போகிறவர்கள் ‘தர்பாருக்குப் போயிட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

“ரெக்கார்டு ரூம் எதுக்கு? பத்திரமா வைக்கறதுக்கா, கிழிச்சுப் போடறதுக்கா?” என்றார் ஆபீசர்.

“ரெண்டுக்கும்தான் சார். இருக்க வேண்டியது இருக்கணும், போக வேண்டியது போகணும்.”

“இன்னும் ஒரு மாசம் வச்சிருந்தா என்ன குடி முழுகிப் போயிடும்?”

“ஒருத்தருக்கு வச்சா எல்லாருக்கும் வைக்கணும் சார். நீங்க இங்க ஜூனியரா இருந்த காலத்து ஃபைல் கட்டும் அதே அலமாரிலதான் இருந்துது.”

ஆபீசரின் குரல் இறங்கியது. “அதுல என்ன இருந்துது?”

“தெரியாது சார். அதான் இப்ப இல்லையே.”

ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லா ஆபீஸும் இப்படி விதிப்படி நடந்தால் நாடு எங்கேயோ போய்விடும் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாடி ஏறினார். மத்தியானமே ஜீப் டிரைவரின் உத்தரவில் கையெழுத்தாகிவிட்டது.

சூப்பிரண்டு அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. இங்கே மாற்றலாகி வருவதற்கு முன் அவர் வேலை பார்த்த ஆபீஸ்களில் யாரும் எதையும் அழித்ததில்லை. எலி அழித்தால்தான் உண்டு. இங்கே மட்டும், கேட்கிற நேரம் பார்த்து, சரியாக அந்த ஃபைல் காணாமல் போகிறதென்றால்? அதிலும் மகாராஜாவும் ஜீப் டிரைவரும் ஒரு வார்த்தை பேசி யாரும் பார்த்ததில்லை. டீக் கடையில் ஒருவர் இருந்தால் இன்னொருவர் படி ஏறமாட்டார். உள்ளுக்குள் கூட்டு, வெளியே நடிப்பு என்று அம்மா முடிவு கட்டிவிட்டார்.

நேரே கேட்டுவிடலாம் என்று ரெக்கார்டு ரூமுக்குப் போனார். கோபத்தில் மேசையைச் சுற்றிக்கொண்டு போகப் பொறுமையில்லை. வாசல் பக்கமே, மகாராஜாவுக்கு இடப்புறமாக நின்று, வெளியே கேட்காதபடி தாழ்ந்த குரலில் கேட்டார்.

“டிரைவர்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க?”

மகாராஜா குனிந்த தலை நிமிராமல் ஃபைல் கட்டுக்கு நாடா முடிந்துகொண்டிருந்தார்.

பதில் சொல்ல வாய் வரவில்லை என்று அம்மா புரிந்துகொண்டார். தன் இடத்துக்கு வந்தார். மேலிடத்துக்குப் புகார் எழுத ஆரம்பித்தார். இது போனால் ஆளைச் சஸ்பெண்ட் செய்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார்கள். கையெழுத்துதான் பாக்கி என்கிற நிலையில், டிரைவர் வாயாலேயே ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் இன்னும் வலுவாக இருக்கும் என்று தோன்றியது. கூப்பிட்டனுப்பினார்.

டிரைவர் வந்து நின்றார். பதவி உயர்வு வந்த மனுஷர் மாதிரி இல்லை, முகம் செத்துப்போயிருந்தது.

“மறைக்காம சொல்லுங்க. அந்த ஃபைலைக் கிழிக்கறதுக்கு அவருக்கு என்ன கொடுத்தீங்க?”

“ஒண்ணும் கொடுக்கலைம்மா. அவர் எதிர்ல போய் நிக்கற யோக்கியதையே எனக்குக் கிடையாது.”

“ஏன்?”

டிரைவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார்.

“அந்தப் புகாரைக் கொடுத்ததே அவர்தாம்மா. அவரோட இடது காதைச் செவிடாக்கினது இந்தக் கைதான்.”