அழுங்கு இடம் மாறுகிறது

செம்பாக்கம் ஏரிக்கரைக் கல்லூரியின் விலங்கியல் அருங்காட்சியகத்தில், பாடம் செய்த அழுங்கின் செதில்கள் மதிய வெயிலில் மின்னுகின்றன. பதினோரு வருஷமாக எறும்புத்தின்னிகளோடு காப்பாளர் சுப்ரஜா வைத்திருந்த அதை, போன மாதம் வேலைக்குச் சேர்ந்த ரேஷ்மா தூக்கிக்கொண்டு போய் நாய், பூனை தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். "அழுங்குக்கும் எறும்புத்தின்னிக்கும் நீள நாக்கு, பல்லில்லாத வாய், எல்லாம் ஒரே மாதிரிதான் சார். ஆனா ரெண்டும் சொந்தமே கிடையாது. அழுங்குக்கு நெருங்கின சொந்தம் நாய், பூனைதான். எறும்புத்தின்னிக்குச் சொந்தம், மரத்துல தொங்குற ஸ்லாத்." "இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் தோணலையே! பிரமாதம்மா!" துறைத்தலைவர் பிரிட்டோ பூரித்துப்போகிறார். சுப்ரஜாவுக்கு வயிறு எரிகிறது. "மேடம், உங்க கையெழுத்துதான் அழகு. புது லேபிள் நீங்களே எழுதிடுங்களேன்" என்கிறாள் ரேஷ்மா. சுப்ரஜா முத்து முத்தாக எழுதுகிறாள். வகைப்படுத்தியவர் பெயர் போடும் மூலையில் மட்டும் ரேஷ்மாவை எறும்பளவுக்கு எழுதி, மை காய ஊதுகிறாள்.