மென்மையான மட்டை

"இந்த மட்டையைக் கையால தொட்டாவது பார்த்தீங்களா?"

விளையாட்டு மாத இதழின் ஆசிரியர் புது இதழை மேஜைமேல் விட்டெறிந்தார். அது வழுக்கிக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்திருந்தவரின் மடியில் விழுந்தது.

எதிரே இருந்தவர், அந்த இதழில் 'உரைகல்' என்ற பெயரில் பேடல் மட்டைகளை ஆடிப் பார்த்து மதிப்பெண் போடுகிறவர். கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே நாலு பேர் ஆடும் அந்த ஆட்டத்தில் ஒரு காலத்தில் கோப்பை வாங்கிய கை. அவர் நல்லது என்று எழுதிவிட்டால் கடையில் மட்டை மிஞ்சாது.

"ஒரு வாரம் ஆடினேன் சார்."

"ஆடிட்டா இப்படி எழுதினீங்க?" ஆசிரியர் இதழைப் பிடுங்கி வாசித்தார். "'மென்மையான மட்டை. புதிதாக ஆடக் கற்றுக்கொள்பவர்களுக்கு உகந்தது. அதிரடி ஆட்டக்காரர்கள் ஏமாந்து போவார்கள்.' மென்மையாம்! கம்பெனி மேனேஜர் காலையில வந்து அழாத குறையா பேசிட்டுப் போறார். தேர்ந்த அதிரடி ஆட்டக்காரங்களுக்குன்னே செஞ்சதாமே?"

"ஆமா சார்."

"முகப்பு முழுக்க கார்பனாமே?"

"ஆமா. தலைப்பக்கம் கனம். பலகை மாதிரி விறைப்பு. சரியான இடத்துல பட்டா பந்து குண்டு மாதிரி போகுது. தப்பான இடத்துல பட்டா அந்த அதிர்ச்சி மொத்தமும் நம்ம முழங்கைக்கு. நான் ஆடினதுலயே முரட்டு மட்டை இதுதான்."

ஆசிரியர் இதழைச் சுருட்டி மேஜையைத் தட்டினார்.

"அப்போ தெரிஞ்சேதான் பொய் எழுதியிருக்கீங்க. போட்டிக் கம்பெனிக்காரன் என்ன கொடுத்தான்?"

"யாரும் ஒண்ணும் கொடுக்கல."

"பின்ன என்னய்யா? பின் அட்டை விளம்பரத்தை நிறுத்திட்டாங்க. இன்னிக்கே திருத்தம் எழுதிக் கொடுங்க. இல்லேன்னா அடுத்த மாசத்துல இருந்து உங்க பக்கமே கிடையாது."

உரைகல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், போன வருஷம் இதே மாதிரி ஒரு மட்டைக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். 'தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டும். மற்றவர்கள் கிட்டேயே போக வேண்டாம்'னு. ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? ஒரே வாரத்துல கடையில தீர்ந்து போச்சே!"

"வாங்கினது யாரு? எங்க கிளப்புல, விழுந்த பந்தைக் குனிஞ்சு எடுக்க முடியாத தொப்பைக்காரர் வாங்கினார். சர்வீஸ் போட்டா பந்து வலையையே தாண்டாத இன்னொருத்தர், ரெண்டா வாங்கினார். 'மற்றவர்கள்'னா பக்கத்துல நிக்கறவன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்கிட்டாங்க."

ஆசிரியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"என் சம்சாரத்தோட அண்ணன் பல் டாக்டர். ஐம்பத்திரண்டு வயசு. ஆட வந்து ஆறு வாரம்கூட ஆகல. மட்டையைத் தூக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்தார். 'மாப்ளே, நீ என்னை மனசுல வெச்சுத்தானே எழுதினே'ன்னார்."

"ஐயையோ."

"மூணாவது ஆட்டத்துலயே முழங்கை ஜவ்வு கிழிஞ்சு போச்சு. பல் பிடுங்கற கை, டம்ளரைப் பிடிக்க முடியல. மூணு மாசம் கிளினிக்கைப் பூட்டிட்டு வீட்ல உட்கார்ந்தார். அவர் சம்சாரம் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கிட்டே என்னைப் பார்த்தாங்க பாருங்க... அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன். இந்த மாதிரி மட்டை வந்தா, கத்துக்குட்டிகளுக்குன்னுதான் எழுதணும்."

"அதை நம்பி நிஜமான கத்துக்குட்டி வாங்கிட்டா?"

"அப்படி ஒருத்தரை நான் இன்னும் பார்க்கல சார். கடைக்காரரைக் கேட்டேன். எல்லாரும் எடுத்துப் பார்த்துட்டு, 'சே, இது நமக்கு இல்லீங்க'ன்னு வெச்சுட்டுப் போறாங்களாம்."

"சரி, நிஜமாவே நல்லா ஆடறவன்?"

"அவங்க நம்ம பக்கத்தைப் படிக்கறதே இல்ல. கையில எடுத்து ரெண்டு அடி அடிச்சாலே அவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

ஆசிரியர் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். பிறகு போனை எடுத்து கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டார்.

"எங்க விமர்சகர் எழுதினது எழுதினதுதான். ஒரு எழுத்து மாறாது. விளம்பரமா? தாராளமா நிறுத்திக்கோங்க."

போனை வைத்துவிட்டு உரைகல்லின் தோளைத் தட்டினார். "நாலு பேர் கை நல்லா இருந்தா சரி. போய் அடுத்த மாசத்துக்கு எழுதுங்க."

உரைகல்லுக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் ஆசிரியர் மறுபடி போனை எடுத்தார். இந்த முறை விளையாட்டுச் சாமான் கடைக்கு.

"அந்தப் புது மட்டை எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க."

"வெச்சுடறேன் சார்," என்றார் கடைக்காரர். "நீங்களும் ஆட வந்து மூணு வாரம்தானே ஆகுது? பொருத்தமா இருக்கும். புதுசா கத்துக்கறவங்களுக்குன்னு உங்க இதழ்லயே போட்டிருக்கே."

"அட, அது சும்மா எழுதினதுங்க!" ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "நிஜத்துல அது நம்மள மாதிரி அதிரடியா ஆடறவங்களுக்கு!"