தீனி வைத்தவர்

“தாய் தின்ற தீனிதான் குட்டியை இப்படி ஆக்கிவிட்டது” என்று ஆய்வகத்தில் பேராசிரியர் யாரிடமோ சொன்னது எலிக் கூண்டுக்குள் கேட்டது.

“பாத்தியாடி, உன் வாயாலதான் பிள்ளை குண்டாயிருச்சாம்!” என்று பக்கத்துக் கூண்டு எலி சிரித்தது.

“நானா கடைக்குப் போய் வாங்கினேன்? கிண்ணத்துல போட்டதைத்தானே தின்னேன்?” என்றது தாய் எலி. குண்டுக் குட்டி அம்மாவின் முகத்தையே பார்த்தது.

எலிகளை ஆராய்பவர்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்க வந்த பெண் ஒருத்தி மூலையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாக வாய் திறக்காதவள் இன்று எழுந்தாள்.

“சார், அந்தத் தீனியை வச்சது நீங்கதானே? கூண்டுல தொங்குற சீட்டுல தாயோட எண் மட்டும்தானே இருக்கு, உங்க பேர் இல்லையே.”

“கேட்டியா, என் கேள்விடி அது!” என்று தாய் எலி நெஞ்சை நிமிர்த்தியது.

பேராசிரியர் சீட்டை உருவி, தாயின் எண்ணுக்குக் கீழே ‘தீனி வைத்தவர்’ என்று எழுதி, தன் பெயரைப் போட்டார்.