காமிராவின் கைரேகை

குளியலறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, லென்ஸுக்கு மூடியும் போட்டுவிட்டு அவர் மும்முரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒண்ணுமே தெரியாம என்னதான் எடுக்கிறீங்க?" என்றாள் மனைவி, வெளியிலிருந்து.

"ஒண்ணுமே தெரியக் கூடாது. அதுதான் என் வேலை."

உண்மைதான். வெளிச்சம் போதாமல் எடுத்த படங்களில் மணல் தூவியதுபோல் விழுமே புள்ளிகள், அவற்றைத் துடைக்கிற சாஃப்ட்வேர் கம்பெனியில் அவருக்கு வேலை. ஒவ்வொரு காமிராவும் இருட்டில் எங்கெங்கே புள்ளி வைக்கிறது என்று எடுத்துப் பார்த்து, எந்தக் காமிரா, என்ன ஐஎஸ்ஓ ஒளியுணர்வு, எவ்வளவு சூடு என்று லேபிள் எழுதி வைப்பார். ஒரே மாடலாக இருந்தாலும் புள்ளிகள் மட்டும் கைரேகை மாதிரி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

அன்று அவர் குளியலறைக்குள் எடுத்துக்கொண்டு போயிருந்தவை மனைவியின் காமிராவும் அவள் தம்பியின் காமிராவும்.

வேலை முடிந்து வெளியே வந்தவரிடம் அவள் கேட்டாள். "அந்த லேபிள்ல எடுத்தவங்க பேரும் வருமா?"

"அது எதுக்கு? எந்தக் காமிரான்னு தெரிஞ்சாப் போதும்."

"சரி சரி. ஞாயித்துக்கிழமை சொந்தபந்தம் பார்க்காம மார்க் போடுங்க."

போட்டோ கிளப் போட்டிக்கு அவர்தான் நடுவர். போன வருஷமும் அவர்தான். மைத்துனனுக்கு முதல் பரிசும் மனைவிக்கு மூன்றாம் பரிசும் கொடுத்துத் தொலைத்தார். அந்தப் பயலோ, "என் ரூம்ல இடமில்லக்கா" என்று கோப்பையை இவர்கள் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனான். அப்புறம் வீட்டில் அவர் எதைக் கேட்டாலும் "நடுவருக்குத் தெரியாததா?" என்ற ஒரே பதில்தான். இன்னொரு வருஷம் அந்தப் பாட்டைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. மனிதர் பாவம், உண்மையிலேயே பயந்து போயிருந்தார்.

இந்த வருஷத் தலைப்பு 'இருட்டு'. எடுத்தவர் பெயர், காமிரா விவரம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வெறும் எண்ணோடு படங்கள் வந்தன. எண்ணாவது ஒண்ணாவது என்று சிரித்துக்கொண்டார். தம் லேபிள்களைப் பக்கத்தில் திறந்து வைத்துப் புள்ளிகளை ஒப்பிட்டார். காபி ஆறுவதற்குள் இரண்டு பேரும் அகப்பட்டுக்கொண்டார்கள்.

மைத்துனன் காமிராவில் எடுத்த படத்தில், மின்சாரம் போன பஸ் நிறுத்தத்தில் ஒரு தாய், செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், வந்ததிலேயே அதுதான் படம். அவர் நெஞ்சைத் தொடவில்லை. ஆறுதல் பரிசுக்குக்கூட இல்லாமல் அதை ஓரங்கட்டினார்.

மனைவியின் காமிராவில் எடுத்த படத்தில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. அதுவும் கோணலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேடையேறியவர், "இந்தக் கம்பத்தின் சாய்வில் ஒரு சமுதாயத்தின் சோர்வையே நான் காண்கிறேன்" என்று முழங்கினார். கூட்டம் கண்ணைக் கசக்கிக்கொண்டு படத்தை இன்னொரு முறை பார்த்தது. முன்வரிசையில் அக்காவும் தம்பியும் கைதட்டியதைக் கண்டதும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

செயலாளர் உறையைப் பிரித்துப் பெயரை வாசித்தார். எழுந்து மேடைக்கு வந்தவன் மைத்துனன்.

"ரொம்ப தேங்க்ஸ் மாமா. கை ஆடிப்போச்சு, கம்பம் சாஞ்சிடுச்சேன்னு கவலையா இருந்தேன்" என்றான்.

அவர் தட்டுத்தடுமாறி இறங்கி மனைவியிடம் வந்தார். "அது உன் காமிராவாச்சே?" என்று வாய் தவறிக் கேட்டும் விட்டார்.

அவள் கைதட்டுவதை நிறுத்தவில்லை.

"இந்தத் தடவை நானும் தம்பியும் காமிராவை மாத்திக்கிட்டோங்க."