குடி: ஆம்

"பிள்ளை, கேக்கிறனெண்டு குறை நினைக்காதையும். உங்கட வீட்டில எல்லாருமே குடிக்கிறவையோ?"

தொலைபேசியில் யூனியன்வில் இராஜரட்ணம் அங்கிள். துஷானியின் அண்ணா லவனுக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்.

துஷானிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"என்ன அங்கிள் சொல்லுறீங்கள்?"

"நீர் அனுப்பின குடும்ப மரப் புத்தகத்தைத்தான் பாக்கிறன். உம்மட அம்மா, பிறப்பு களுவாஞ்சிக்குடி. சரி. அதுக்குக் கீழ 'குடி: ஆம்' எண்டு கிடக்கு. அம்மம்மாவுக்கும் 'குடி: ஆம்'. பாலர் வகுப்புக்குப் போற பிள்ளைக்குமெல்லோ 'ஆம்' எண்டு போட்டிருக்கிறியள்!"

"ஐயோ அங்கிள், அது சொஃப்ட்வெயர் செய்த வேலை. இப்பவே பார்க்கிறன்."

"பாரும், பாரும். கலியாண மண்டபத்தில மேசைக்கு மேசை இந்தப் புத்தகத்தை வைச்சால், எங்கட சனம் சாப்பாட்டை விட்டிட்டு இதைத்தான் வாசிக்கும்."

அவர் சிரித்தாரா, முறைத்தாரா என்று குரலில் பிடிபடவில்லை.

புத்தகம் அன்று மாலைக்குள் அச்சுக்குப் போகவேண்டும். துஷானி கணினியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். போன வருடம் காலமான வீரக்குட்டிப் பெரியப்பா, ஏதோ ஒரு பழைய மென்பொருளில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த குடும்ப மரம் அது. பிறப்பு, இறப்பு, திருமணம் போதாதென்று 'குடி' என்று தானே ஒரு விபரத்தை உண்டாக்கி வைத்திருந்தார். புதிய மென்பொருளுக்கு மாற்றியபோது அவர் எழுதிய பெயர்கள் எங்கோ குறிப்புகளுக்குள் போய் ஒளிந்துகொண்டன. உள்ளே ஏதோ இருக்கிறது என்று காட்ட, மென்பொருள் தன்பாட்டில் 'ஆம்' என்று அடித்துவிட்டது.

"அம்மா, பெரியப்பா ஏன் ஆக்களுக்கெல்லாம் குடி எண்டு போட்டவர்?"

எதிரே உள்ளி உரித்துக்கொண்டிருந்த அம்மா கோணேஸ்வரிக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

"அடி புள்ள, அது குடிக்கிற குடி இல்ல. எங்கட மட்டக்களப்புப் பக்கம் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குடி இரிக்கி. வம்சம் மாதிரி. தாய்ட குடிதான் புள்ளைக்கு. கோயில் திருவிழாவும் குடி பார்த்துத்தான், கலியாணமும் குடி பார்த்துத்தான். யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு அது எங்க விளங்கப்போகுது?"

"அவ்வளவுதானா? அப்ப ஈஸி. 'ஆம்' எண்டதை எடுத்துட்டு, குடிப் பெயரையே வரப் பண்ணுறன். எல்லாமே உள்ளுக்க இருக்கு."

அம்மாவின் சிரிப்பு நின்றது.

"வேணாம். முழுக்க எடு."

"முழுக்கவா?"

"ஓம். குடியெண்ட சொல்லே புத்தகத்தில வரக்கூடாது."

துஷானி அம்மாவையே பார்த்தாள். இதே அம்மாதான் றிச்மண்ட் ஹில் கோயிலில் ஊர் ஆட்களைக் கண்டால், சுகம் கேட்கமுன் "நீங்க என்ன குடி?" என்று கேட்கிறவள். தன் குடிப் பெயரைச் சொல்லும்போது அரை அடி உயர்ந்து நிற்கிறவள்.

"சம்பந்தி யாழ்ப்பாணம் எண்டவுடன வெக்கம் வந்துட்டுதா அம்மா?"

"வெக்கமெண்டே வெச்சுக்கொள். எடு எண்டா எடு."

துஷானிக்குக் கோபம் வந்தது. ஊருக்கு ஒரு பேச்சு, சம்பந்திக்கு ஒரு பேச்சா? முணுமுணுத்துக்கொண்டே 'குடி'யைத் தெரிவு செய்து, நீக்கும் பொத்தானை அழுத்தினாள். யார் யாருடைய பக்கத்திலிருந்து நீக்கவேண்டும் என்று மென்பொருள் பெயர்களைக் காட்டிக் கேட்டது. பார்த்துக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மா, லவன் அண்ணாக்கு மட்டும் குடி இல்லை! அங்கிளிட்டச் சொல்லவேணும். எங்கட குடும்பத்தில உங்கட மருமகன் ஒருத்தர்தான் குடிக்காத ஆள் எண்டு."

அம்மா சிரிக்கவில்லை.

"புது சொஃப்ட்வெயருக்கு மாத்தேக்க விடுபட்டிருக்கும். என்ர குடிதானே அண்ணாக்கும்? இருங்கோ, போட்டுவிடுறன்."

"போடாத."

"ஏன்?"

"போட்டா, கலியாணத்துக்கு லண்டனில இருந்து வாற பெரிய மாமா மண்டபத்தில வெச்சே 'இது பிழை' எண்டு கத்துவார். அந்த மனுசனுக்குத் தெரியும். உன்ட அண்ணன் லவனுக்கும் தெரியும். நீதான் நாங்க இந்த நாட்டுக்கு வந்த பிறகு பிறந்தனீ, உனக்குத்தான் நாங்க சொல்லல்ல."

"என்னத்தைச் சொல்லேல்ல?"

அம்மா கையிலிருந்த உள்ளியைக் கீழே வைத்தாள்.

"பிரச்சினை நேரம், அகதி முகாமில ஒரு மூலைக்க கிடந்து அழுத புள்ள அவன். மூண்டு நாளா ஒருத்தரும் தேடி வரல்ல. நானும் அப்பாவும் தூக்கிட்டு வந்தனாங்க. குடி பெத்தவளிட்ட இருந்து வாறது, புள்ள. அவனப் பெத்தவ ஆரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

'நீக்கவா?' என்று திரை இன்னமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"எடு புள்ள. அவன்ட பேருக்குக் கீழ வெறுமையா இருக்கிறதெண்டா, எங்க எல்லார்ட பேருக்குக் கீழயும் வெறுமையாவே இருக்கட்டும்."