போகாத வாடை

தடயம் துளிகூட மிஞ்சக் கூடாது. அனலின் அலுவலகச் சமையலறையின் கதவைச் சாத்திவிட்டு, மைக்ரோவேவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாள். சந்தேகமே இல்லை, கருவாடுதான். அதுவும் உயர்ந்த ரகம்.

மணி பதினொன்றரை. பன்னிரண்டு அடித்தால் செபு துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கப்பல் டிக்கெட் அலுவலகம் மொத்தமும் சோற்று டப்பாவோடு இங்கே வந்து நிற்கும். 'கருவாட்டைச் சூடு பண்ணுகிறவர்களுக்கு இங்கே வேலை இல்லை' என்று மேலாளர் தெல்ஃபினா மேம் கைப்பட எழுதி ஒட்டிய காகிதம் மைக்ரோவேவுக்கு மேலேயே பல்லிளித்துக்கொண்டிருந்தது. மேம் சொன்னால் செய்கிறவர்.

அனலினுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு கையெழுத்துக்காக மேமின் மேஜையில் காத்துக் கிடந்தது. இன்றைக்குப் பார்த்தா இந்த வாடை வர வேண்டும்?

இத்தனைக்கும் கருவாட்டைச் சூடு பண்ணியது அவள் இல்லை. அவள் டப்பாவில் இருந்தது சோறும் முட்டைப் பொரியலும். ஆனால் அவள் பிறந்த ஊர் பண்டாயான் தீவு. அங்கே வீட்டுக்கு வீடு மூங்கில் தட்டியில் கருவாடு காயும். அதனாலேயே கருவாடு என்று யாராவது முணுமுணுத்தால் போதும், அலுவலகமே இவளைத் திரும்பிப் பார்க்கும். நான் இல்லை என்று சத்தியம் செய்தால் சந்தேகம் இன்னும் பலப்படும்.

அலமாரியைக் குடைந்தாள். காபி டப்பாவுக்குப் பின்னால், யாரோ ஒளித்து வைத்தாற்போல ஒரு வினிகர் போத்தல் அகப்பட்டது. தென்னங்கள்ளில் செய்த அசல் வினிகர், உள்ளே மிளகாயும் பூண்டும் மிதந்தன. யாருடையது என்று விசாரிக்க இது நேரமில்லை.

கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பாதிப் போத்தலை அதில் கவிழ்த்தாள். நாலைந்து கலமன்சி எலுமிச்சைகளைப் பிழிந்து தோலையும் போட்டு, ஐந்து நிமிடம் ஓடவிட்டாள். ஆவியில் அழுக்கு ஊறட்டும் என்று இரண்டு நிமிடம் பொறுத்துத் திறந்தவளின் முகத்தில் மிளகாய் நெடி அறைந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டக் கொட்டத் துடைத்தாள். சுழலும் கண்ணாடித் தட்டில் இருந்த பழைய கறைக்கு, குளிர்பெட்டியில் வாடையை உறிஞ்சத் திறந்து வைத்திருந்த சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தாள்.

வாங்கின நாளில்கூட அந்த மைக்ரோவேவ் அப்படிப் பளபளத்திருக்காது. மூக்கை உள்ளே விட்டாள். எலுமிச்சை வாசனை மட்டும்தான். நிம்மதியாகத் தலையை வெளியே எடுத்து ஒரு மூச்சு இழுத்தாள்.

கருவாடு.

சனியன், மூக்குக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டதா? அனலினுக்கு அழுகையே வந்துவிட்டது. மீதி வினிகரையும் கிண்ணத்தில் ஊற்றி இன்னொரு சுற்று ஓடவிட்டு, காலிப் போத்தலைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது பில் போடும் மனாங் பெலென், அதாவது பெலென் அக்கா, இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வயது ஐம்பது, வாய்க்கு மட்டும் வயதே இல்லை.

"என்னடி, உங்க தீவையே கப்பல்ல ஏத்திக் கொண்டாந்துட்டியா?"

"மனாங், நான் இல்ல. முட்டைதான் கொண்டாந்தேன். வேணும்னா டப்பாவைத் திறந்து பாருங்க."

"என்கிட்ட எதுக்குக் காட்டுற? மேம் கிட்டக் காட்டு. வாடை தாங்காமத்தானே ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. கதவைத் தட்டினாக்கூட திறக்கல."

சொல்லிவிட்டு மனாங் பெலென் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். அனலினுக்குக் கை கால் ஓடவில்லை. ஊரில் அம்மா இன்றைக்கு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள். நிரந்தரமாகிவிட்டது என்று சாயங்காலம் போனில் சொல்வதாக இவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

இரண்டாம் முறையும் துடைத்து முடித்த நேரத்தில் கதவு திறந்தது. தெல்ஃபினா மேமே வந்து நின்றார். அனலின் கையில் துணி, கண்ணெல்லாம் சிவப்பு, கன்னத்தில் நீர்க்கோடு. பார்த்தவர்கள் கையும் களவுமாகப் பிடித்ததாகத்தான் நினைப்பார்கள்.

"மேம், சத்தியமா அது நான் இல்ல."

"தெரியும்" என்றார் மேம். "உன் உத்தரவுல கையெழுத்துப் போட்டாச்சு. மொதல்ல கண்ணைத் துடை."

அனலினுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இத்தனை பேர் சந்தேகப்படும்போது, இந்த ஒரு மனுஷி விசாரிக்காமலே தன்னை நம்பினாரே என்று நெஞ்சு நிறைந்துபோனது. இவரையா இத்தனை நாள் கல்மனசுக்காரி என்று நினைத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

மேம் பளபளக்கும் மைக்ரோவேவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே அலமாரிக்குப் போய், காபி டப்பாவை நகர்த்தி, பின்னால் கையைவிட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. சுற்றிலும் பார்த்தவர் கண்ணில் குப்பைத் தொட்டி பட்டது. போத்தலை எடுத்துக் கவிழ்த்தார். ஒரே ஒரு மிளகாய் விழுந்தது.

வெளியே யாராவது வருகிறார்களா என்று பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு, ரகசியக் குரலில் கேட்டார்:

"அடிப்பாவி, இப்ப அந்தக் கருவாட்டை நான் எதைத் தொட்டுச் சாப்பிடுவேன்?"