பூட்டை இழுத்துப் பார்க்கும் பரம்பரை

ஒரு மாபெரும் பரம்பரையின் பட்டத்து வாரிசு யார் என்பது அன்று காலை பத்தரை மணிக்கு, ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி, பதினான்காம் எண் அறையில் முடிவாக இருந்தது. இந்த முக்கியமான செய்தி உலகத்துக்கு இன்னும் எட்டாததால் வராந்தாவில் மூன்று பேர் மட்டுமே உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன், தம்பி, நடுவில் அம்மா. அம்மா மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்து, வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்து, மூடினார்.

அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்துபவர், ஐம்பத்திரண்டு வயது. தம்பி பஸ் ஓட்டுகிறவன். ஒரே வீட்டின் இரண்டு பாதிகளில் இருவரும் குடியிருந்தார்கள். அப்பாவை அப்படியே உரித்து வைத்திருப்பவன் தம்பிதான் என்று பார்ப்பவர்களெல்லாம் சொல்லிச் சொல்லியே அண்ணனுக்குத் தலை நரைத்தது. அப்பாவின் மூக்கு தம்பிக்கு. அப்பா போன பிறகு அவருடைய கைக்கடிகாரமும் தம்பிக்கு, முன்னறையும் தம்பிக்கு.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. வெளியே கிளம்பினால் அப்பா தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி தெருமுனை, மறுபடி பூட்டு. பதினோரு தடவைக்குக் குறைந்ததில்லை. தெருமுனையில் நிற்கும் அம்மா ஒவ்வொரு தடவையும் அவர் காதில் ஏதோ முணுமுணுப்பார். திட்டு வாங்குகிறார் போலிருக்கிறது என்று அண்ணன் சின்ன வயதிலேயே அப்பாவுக்காக வருத்தப்பட்டிருக்கிறார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓசிடி என்ற நோய் ஒரு குடும்பத்துக்குள் எப்படி இறங்குகிறது என்று பார்க்க, குடும்பம் குடும்பமாக எச்சில் எடுத்தார்கள். இந்தக் குடும்பத்தில் டாக்டரம்மா முதலில் பார்த்தது யாரை? தம்பியை. பத்தே நிமிஷத்தில் குப்பியில் துப்பிக் கொடுத்துவிட்டு விசிலடித்துக்கொண்டு வந்தான்.

அண்ணனுக்கு வயிறு எரிந்தது. மூக்கு போகட்டும், கடிகாரம் போகட்டும், நோயையுமா அவனுக்கே தூக்கிக் கொடுப்பார்கள்? தம்பியின் படிவத்தை வாங்கிப் பலமுறை படித்தார். 'ஒப்பீட்டு பிரிவு' என்ற தலைப்பில் ஓர் ஒற்று விட்டுப் போயிருந்தது. சிவப்பு மையில் போட்டுக் கொடுத்தார். தலைப்பு என்ன சொல்கிறது என்று பார்ப்பது பிழை திருத்துபவரின் வேலையல்ல.

டாக்டரம்மா மூவரையும் உள்ளே கூப்பிட்டார். அண்ணன் உட்காருவதற்கு முன்பே ஒரு நோட்டை மேஜைமேல் வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க டாக்டரம்மா, நீங்க ஆளை மாத்திப் பிடிச்சிருக்கீங்க. இவன் பூட்டை ஒரே ஒரு தடவைதான் இழுத்துப் பாக்கறான். சில நாள் அதுவும் கிடையாது. அப்பா பதினொண்ணு. இவன் எப்படி வாரிசாவான்?"

"நான் வாரிசுன்னு எப்பண்ணே சொன்னேன்? பஸ்ஸை எடுக்க நேரமாச்சுன்னு ஓடறவன் நான்."

"பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்."

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். இருபத்தொரு நாள் கணக்கு, அச்சடித்தது போன்ற கையெழுத்தில். "இதையெல்லாம் எப்படி எடுத்தீங்க?"

"ஜன்னல்கிட்ட நின்னு. அவன் போனப்புறம் நானே போய் அவன் பூட்டை இழுத்துப் பாத்துடுவேன்."

"எத்தனை தடவை?"

"பதினாலு. எழுதறப்ப ஒரு எண் கோணலா விழுந்தா அந்த நோட்டைக் கிழிச்சுட்டு முதல் நாள்லேருந்து திருப்பி எழுதணும். இது ஒன்பதாவது நோட்டு."

"அப்ப வேலைக்கு எப்பப் போறீங்க?"

"எங்க போக முடியுது?" என்றார் அண்ணன், கொஞ்சம் இறங்கிய குரலில்.

டாக்டரம்மா நோட்டை மெதுவாக மூடினார். "உங்க தம்பியை நோயாளின்னு நான் கூப்பிடல. ஒரே வீட்டுல பிறந்தும் நோய் வராதவர்ங்கிறதால, ஒப்பிட்டுப் பாக்கறதுக்குக் கூப்பிட்டேன். உங்களைப் பத்தி வந்து சொன்னதே அவர்தான். நோய் உங்களுக்குத்தான் இருக்கு. பயப்படாதீங்க, மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு, குறைச்சிடலாம்."

வேறு யாராவது என்றால் முகம் தொங்கியிருக்கும். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தம்பியின் மூக்கைப் பார்த்து அவருக்குப் பரிதாபம் வந்தது.

"கேட்டுக்கடா. மூக்கை நீயே வெச்சுக்க, கடிகாரத்தையும் வெச்சுக்க. அப்பாவோட ஜீன் எங்கிட்ட."

"ஒரே ஒரு ஜீன்னு கை காட்ட முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா. "நிறைய இருக்கு, ஒவ்வொண்ணும் துளித்துளியா. அது மட்டுமே காரணமும் இல்ல."

"துளியானாலும் அப்பாவோடது. அதை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. கண்ணாடி போட்டு முன்னறையில மாட்டணும்."

"மாட்டிக்கண்ணே, ஆணி நானே அடிச்சுத் தரேன்" என்றான் தம்பி.

அம்மா பையின் ஜிப்பைத் திறந்தார். சாவியைத் தொட்டுப் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"உங்கப்பா கதவைத் திறந்து போட்டுட்டே கிளம்பிடற ஆளுடா" என்றார். "ஒவ்வொரு தடவையும் அவரைத் திருப்பி அனுப்பினது நான்தான்."